கார்னகி மண்டபத்தில் ஒலித்த திருகோணமலைச் சுவாமியின் பெயர்

1971 பெப்ரவரி 21ஆம் திகதி நியூயோர்க் கார்னகி மண்டபத்தில் நடந்த ஒரு கச்சேரியின் முழு ஒலிப்பதிவு, 53 ஆண்டுகள் கழித்து 2024 மார்ச்சில் இரட்டை இசைத்தட்டாக வெளிவந்தது. வாசித்தவர் அலிஸ் கோல்ட்ரேன். வெளியிட்டது இம்பல்ஸ் நிறுவனம். ஜாஸ் இசைத்தட்டுச் சேகரிப்பாளர்களுக்கு இது சாதாரண செய்தியல்ல. அந்த இரவின் ஒரு பகுதி மட்டும் உரிமம் இல்லாத பதிப்புகளாகக் கைமாறி வந்தது. தொடக்கம் முதல் முடிவு வரை, நான்கு உருப்படிகளும் ஒழுங்கான ஒலித்தரத்தில் கிடைக்கும் என்று பலர் எதிர்பார்த்திருக்கவில்லை. அறிவிப்பு வந்ததும் முன்பதிவு செய்யப் போட்டி போட்டார்கள். பழைய அரைகுறைப் பதிப்பை வைத்திருந்தவர்கள்கூட இதையும் வாங்கினார்கள்.

இதில் திருகோணமலைக்கு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கச்சேரியின் முதல் உருப்படியின் பெயர் 'ஜேர்னி இன் சச்சிதானந்தா'. சச்சிதானந்தத்தில் ஒரு பயணம். அதை ஒரு வேதாந்தச் சொல்லாக மட்டும் எடுத்துக்கொள்ளும் மேற்கத்தைய ரசிகர்கள் உண்டு. அது ஒரு மனிதரின் பெயரும்கூட. அந்த மனிதர் அமெரிக்காவுக்குப் போவதற்கு முன் பதின்மூன்று ஆண்டுகள் இலங்கையில் இருந்தார். அந்த வாழ்க்கை தொடங்கிய இடம் எங்கள் துறைமுக நகரம்.

சுவாமி சச்சிதானந்தா 1914இல் கோயம்புத்தூருக்கு அருகே செட்டிபாளையத்தில் பிறந்தவர். பூர்வாசிரமப் பெயர் ராமசாமி. திருமணமாகி இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தபின் மனைவியை இழந்தார். பிறகுதான் துறவை நாடிப் போனார். 1949இல் ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தரிடம் சந்நியாசம் பெற்றார். 1953இல் குரு அவரை இலங்கைக்கு அனுப்ப, திருகோணமலையில் சிவானந்த தபோவனத்தை நிறுவினார். பின்னர் கண்டிக்கும் போனார்.

அவர் வந்து இறங்கியபோது உள் துறைமுகம் இன்னும் பிரித்தானியக் கடற்படையின் கையில்தான் இருந்தது. 1957இல்தான் அது இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. மறுபக்கம், பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயில் துண்டு துண்டாகத் திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. 1950இல் மண்ணுக்குள்ளிருந்து விக்கிரகங்கள் கிடைத்தன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமி மலைக்குக் கீழே கடலடியில் பழைய கோயிலின் கற்றூண்களைக் கண்டார்கள். 1963இல் புதிய கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. தொலைந்தது என்று கைவிட்ட ஒன்று கடலிலிருந்தும் மண்ணிலிருந்தும் எழுந்து வருவதைக் கண்ட தலைமுறை எங்கள் ஊரில் இருந்தது.

1966இல் கொன்ராட் ரூக்ஸ் என்ற திரைப்பட இயக்குநரின் அழைப்பில் சுவாமி மேற்கே போனார். ஓவியர் பீட்டர் மக்ஸ் அவரை நியூயோர்க்குக்குக் கூட்டிச் சென்றார். சில நாட்களுக்கான பயணம் நிரந்தர வாசமாயிற்று. 1969 ஓகஸ்டில் வூட்ஸ்டொக் இசைவிழாவைத் தொடக்கி வைத்துப் பேசிய காவியுடைக்காரர் அவர்தான்.

இனி அலிஸின் கதை.

அவர் 1937 ஓகஸ்ட் 27இல் டிட்ரொயிட் நகரில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் அலிஸ் மக்லவுட். சிறு வயதிலேயே பியானோ. பிறகு ஊரிலிருந்த பப்ரிஸ்ட் தேவாலயத்தில் ஓர்கன். எங்கள் ஊரில் கோயில் நாயனமும் தவிலும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத் தாளம் எப்படி உடம்பில் ஊறுமோ, அப்படி அவருக்குத் தேவாலயப் பாட்டு ஊறியது. இருபதுகளின் தொடக்கத்தில் பாரிஸ் போய், பட் பவல் என்ற பெரும் பியானோக் கலைஞரிடம் கற்றுக்கொண்டார். அங்கே கென்னி ஹகூட் என்ற பாடகரை மணந்தார், ஒரு பெண் குழந்தை பிறந்தது, அந்த மணவாழ்வு நிலைக்கவில்லை. கைக்குழந்தையோடு ஊர் திரும்பி மறுபடி வாசிக்கத் தொடங்கினார்.

1963இல் ஜோன் கோல்ட்ரேனைச் சந்தித்தார். சக்சபோன் வாசிப்பில் அந்த நேரத்தில் அவருக்கு நிகர் கிடையாது. 1965இல் திருமணம். லோங் ஐலண்டில் டிக்ஸ் ஹில்ஸ் என்ற இடத்தில் வீடு. மூன்று ஆண் பிள்ளைகள். 1966இல் மக்கோய் டைனர் ஜோனின் குழுவை விட்டு விலகியபோது பியானோவில் அலிஸ் அமர்ந்தார். பெரிய கலைஞன் இருந்த இடத்தில் மனைவியைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டார் என்ற முணுமுணுப்பு அன்றே தொடங்கியது. அவர் சாகும்வரை அது முழுதாக ஓயவில்லை.

1967 ஜூலை 17இல் ஜோன் ஈரல் புற்றுநோயால் இறந்தார். அவருக்கு வயது 40. அலிஸுக்கு 29. வீட்டில் நான்கு பிள்ளைகள். கடைசிப் பிள்ளை பிறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

எங்கள் பிரதேச செயலகப் படிவங்களில் பெண் தலைமைத்துவக் குடும்பம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. போருக்குப் பிறகு நாங்கள் நன்றாகப் பழகிக்கொண்ட சொல். டிக்ஸ் ஹில்ஸ் வீட்டை எங்கள் கிராம உத்தியோகத்தர் பதிவு செய்திருந்தால் அந்தக் கட்டத்தில்தான் புள்ளடி போட்டிருப்பார். ஜோனின் இசை உரிமை வழியாக வருமானம் இருந்தது, அந்த வகையில் அலிஸ் கொடுத்துவைத்தவர். ஆனாலும் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகள் அவர் பட்டபாட்டை வாசிக்கும்போது அதை எந்தப் பணமும் தடுத்திருக்காது என்று தெரிகிறது. தூக்கம் போயிற்று. உடல் ஆபத்தான அளவுக்கு மெலிந்தது. காணாததைக் கண்டார், கேளாததைக் கேட்டார். குடும்பத்தார் பயந்தார்கள். அலிஸ் பின்னாளில் எழுதிய சிறு நூலில் அந்தக் காலத்துக்குத் தபஸ் என்று பெயர் வைத்தார். மருத்துவர் வேறு பெயர் வைத்திருப்பார். நான் இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்கப் போவதில்லை. முகாம்களில் நடு இரவில் எழுந்து உட்கார்ந்து யாருடனோ பேசிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல.

அந்த வீட்டுக்கு ஒரு ஹார்ப் வந்து சேர்ந்தது. ஜோன் உயிரோடு இருந்தபோது கட்டளை கொடுத்துச் செய்யச் சொன்ன வாத்தியம் அது, அவர் போன பிறகு வந்தது. தமிழில் அதைப் பேரியாழ் என்றே சொல்லலாம். யாழைத் தேடிப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 'யாழ் நூல்' எழுதிய சுவாமி விபுலாநந்தர் ஒருகாலம் திருகோணமலை இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தவர். நம்மிடம் அந்த வாத்தியம் பெயராகவும் ஆய்வாகவும்தான் மிஞ்சியது. டிக்ஸ் ஹில்ஸில் அதன் உறவுக்காரி ஒன்று, வாசிக்கச் சொன்னவர் இல்லாமல், அறையில் நின்றது. அலிஸ் தானாகவே அதைக் கற்றுக்கொண்டார். 1968இல் வந்த அவருடைய முதல் தட்டிலேயே ஹார்ப் இருக்கிறது.

இந்த நிலையில்தான் விஷ்ணு வூட் என்ற பாஸ் வாத்தியக்காரர் அவரைச் சச்சிதானந்தாவிடம் அழைத்துப் போனார். சந்திப்பில் என்ன பேசினார்கள் என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. இருவரும் சின்னப் பிள்ளைகள் இருக்கும்போதே துணையை இழந்தவர்கள். சுவாமி அந்தக் கட்டத்தில் வீட்டை விட்டுப் போனார். ஆணுக்கு அது முடியும். அலிஸ் பிள்ளைகளுக்குச் சமைத்துக்கொண்டே தேட வேண்டியிருந்தது. 1970 நவம்பரில் அவர் அந்தத் தட்டைப் பதிவு செய்தது எங்கோ ஒரு பெரிய கலையகத்தில் அல்ல, டிக்ஸ் ஹில்ஸ் வீட்டில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில்.

'ஜேர்னி இன் சச்சிதானந்தா' தட்டைக் கேட்டிராதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜாஸ் என்றால் விளங்காத சத்தம் என்று நினைப்பவர்களுக்கும் இது விளங்கும். முதலில் தம்பூரா வருகிறது. பிறகு செசில் மக்பீ வாசிக்கும் பாஸ், ஒரே சொற்கட்டை விடாமல் திரும்பத் திரும்ப. அதன்மேல் ஹார்ப். கடைசியாக பரோவா சாண்டர்ஸின் சொப்ரானோ சக்சபோன், நாயனத்துக்குக் கொஞ்சம் தூரத்துச் சொந்தக்காரன் போல. சுருதி மாறாமல் கிடப்பதால் கர்நாடக இசை கேட்ட காது உள்ளே போக வழி தெரிந்துகொள்கிறது.

தட்டு பதிவான அடுத்த மாதம் சுவாமியோடு இந்தியாவுக்குப் போய் ஏறக்குறைய ஐந்து வாரங்கள் தங்கினார். திரும்பி வந்த சில வாரங்களில் கார்னகி மண்டபக் கச்சேரி. சுவாமியின் இன்ரெக்ரல் யோகா நிறுவனத்துக்கு நிதி சேர்ப்பதற்காக ஒழுங்கு செய்யப்பட்ட நிகழ்ச்சி அது. லோரா நைரோவும் த ராஸ்கல்ஸ் குழுவும் அதே இரவில் பாடினார்கள். பிரபலமான பாட்டுகளுக்காக வந்தவர்களும் கூட்டத்தில் இருந்திருப்பார்கள்.

அலிஸின் மேடையைப் பாருங்கள். சக்சபோனுக்கு இரண்டு பேர், பரோவா சாண்டர்ஸும் ஆர்ச்சி ஷெப்பும். பாஸுக்கு இரண்டு பேர், ஜிம்மி கரிசனும் செசில் மக்பீயும். ட்ரம்ஸுக்கு இரண்டு பேர், எட் பிளக்வெல்லும் கிளிபோர்ட் ஜார்விஸும். கூடவே ஆர்மோனியமும் தம்பூராவும். இரண்டு நாயனம், இரண்டு தவில் என்று நிற்கும் திருவிழா மேளம் பார்த்த எங்களுக்கு இந்த இரட்டை ஏற்பாடு வினோதமாகத் தோன்றாது. ஜாஸ் உலகில் அது அபூர்வம்.

முதல் இரண்டு உருப்படிகள் அலிஸின் சொந்த ஆக்கங்கள்: 'ஜேர்னி இன் சச்சிதானந்தா', 'சிவலோகா'. ஹார்ப்பில் வாசிக்கிறார். கோணேசர் ஊர்க்காரருக்கு இரண்டாவது தலைப்பை மொழிபெயர்க்கத் தேவையில்லை. இரண்டும் ஆறுதலாக நடக்கின்றன. மூன்றாவது ஜோனின் 'ஆபிரிக்கா'. அலிஸ் ஹார்ப்பை விட்டுப் பியானோவுக்கு மாறுகிறார், கிட்டத்தட்ட அரை மணி நேரம் ஒரு புயல் அடிக்கிறது. இரண்டு ட்ரம்ஸ்காரரும் ஒருவரை ஒருவர் தள்ளுகிறார்கள். பாஸ் வாத்தியங்கள் தனியே நின்று பேசிக்கொள்கின்றன. நான்காவதும் ஜோனுடையது, 'லியோ', அவர் கடைசிக் காலத்தில் வாசித்த, பிடித்துக்கொள்ள எந்தக் கம்பியும் இல்லாத இசை. முழுக் கச்சேரி ஏறக்குறைய 80 நிமிடம்.

முழுமையாகக் கேட்கும்போதுதான் இதன் பொருள் மாறுகிறது, சேகரிப்பாளர்களின் பரபரப்பு நியாயமாகப்படுவதும் இதனால்தான். 'ஆபிரிக்கா'வை மட்டும் கேட்டால் ஜோனின் விதவை ஜோனின் பாட்டை வாசிக்கிறார் என்று மட்டும் தெரியும். நான்கையும் வரிசையில் கேட்டால், முதல் அரை மணி நேரத்தில் அவர் தனக்குக் கிடைத்த அமைதியை வைக்கிறார், பிறகு அதைத் தானே எழுந்து உடைக்கிறார். நல்ல யோகக் கூட்டத்துக்கு அமைதியோடு முடித்திருக்கலாம். அவர் அப்படி முடிக்கவில்லை. துக்கம் ஆறிவிட்டது என்று மேடையில் காட்ட வேண்டிய கட்டாயம் அவருக்கு இருக்கவில்லை. எங்களூரில் கணவனை இழந்த பெண்ணிடம் ஒரு சாரார் அழுதுகொண்டே இரு என்கிறார்கள், இன்னொரு சாரார், குறிப்பாகத் திட்டம் கொண்டு வருபவர்கள், சீக்கிரம் மீண்டு எழு என்கிறார்கள். அலிஸின் அந்த 80 நிமிடம் இரண்டு பேச்சையும் கேட்கவில்லை.

கச்சேரியைப் பதிவு செய்தது இம்பல்ஸ் நிறுவனமே. ஆனால் விற்காது என்று கணித்து வெளியிடவில்லை. வாத்தியங்களைத் தனித்தனித் தடத்தில் பிடித்த மூலநாடாக்கள் காலப்போக்கில் தொலைந்து போயின. மிஞ்சியது தயாரிப்பாளர் எட் மிஷேல் அந்த நாட்களில் கேட்டுப் பார்ப்பதற்காகக் கலந்து வைத்த இரண்டு தட நாடா. 2024இல் வெளியானது அதிலிருந்து எடுத்ததுதான். கேட்கும்போது சில இடங்களில் ஒரு வாத்தியம் மற்றதை மூடுவது தெரிகிறது. மூலம் இருந்திருந்தால் சரிசெய்திருப்பார்கள். இல்லாததால் அப்படியே இருக்கிறது. எனக்கு அது குறையாகப் படவில்லை.

1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரியக் கொடுத்தவர்களிடம் மூலம், பிரதி என்ற வேறுபாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. புத்தகத்துக்காவது வேறெங்காவது இன்னொரு படி இருக்கும். ஓர் இரவின் ஓசைக்குப் பெரும்பாலும் இருப்பது ஒரே ஒரு நாடா. எண்பதுகளில் எங்கள் கோயில் திருவிழாக்களில் ரேப் ரெக்கோடரை மேடைக்குக் கீழே வைத்து நாயனக் கச்சேரி பதிந்தவர்கள் இருந்தார்கள். ரெக்கோடிங் பார்களில் அந்தக் கசெற்றுகள் பிரதி எடுக்கப்பட்டன. பிறகு இடப்பெயர்வு. அரிசி மூட்டையையும் அடையாள அட்டையையும் எடுத்தவர்கள் கசெற்றை எடுக்கவில்லை, எடுத்திருக்கவும் முடியாது. மிஞ்சியவற்றைக் கடற்காற்றின் ஈரம் தின்கிறது. நாடாவின்மேல் வெள்ளையாகப் பூஞ்சணம் படிந்திருந்தால் அப்படியே போட்டு ஓடவிடக் கூடாது. பூஞ்சணம் ஒலிமுனைக்குப் போய் மற்றக் கசெற்றுகளுக்கும் பரவும். தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்வித்த பிறகே கணினிக்கு மாற்ற வேண்டும். நூலகம் நிறுவனம் 2005இலிருந்து நம்முடைய ஆவணங்களை இலக்கமுறையில் சேர்த்து வருகிறது, ஒலிப்பதிவுகளையும் சேர்க்கிறது. அலுமாரிக்கு மேல் பெட்டி வைத்திருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அலிஸுக்குத் திரும்புவோம். 1972இல் 'இன்பினிற்றி' என்ற தட்டில், ஜோன் விட்டுச்சென்ற பதிவுகளின்மேல் தந்தி வாத்தியக் குழுவைச் சேர்த்தார். விமர்சகர்கள் கொதித்தார்கள். இறந்தவரின் இசையில் கைவைக்க இவர் யார் என்ற தொனி. அவர் மனைவி என்பதோடு அந்தக் குழுவின் பியானோக் கலைஞரும் என்பதை வசதியாக மறந்துவிட்டார்கள். எனக்கும் அந்தத் தட்டு முழுக்கப் பிடிக்காது. ஆனால் அந்தக் கோபத்தில் இசையைவிட வேறேதோ அதிகம் இருந்தது. அதே ஆண்டு வந்த 'வேர்ல்ட் கலக்ஸி'யில் ஜோனின் 'எ லவ் சுப்ரீம்' உருப்படியைத் தன் பாணியில் வாசித்தார். அதில் சுவாமி சச்சிதானந்தாவின் பேச்சுக்குரலும் வருகிறது. செட்டிபாளையத்தில் பிறந்து திருகோணமலையில் ஆங்கிலமும் தமிழும் பேசிய குரல், ஜாஸ் வரலாற்றின் மிகப் பெரிய உருப்படிகளில் ஒன்றுக்குள்.

அந்தக் குரலைப் பற்றி மற்றதையும் சொல்ல வேண்டும். 1991இல் சுவாமியின் முன்னாள் சீடப் பெண்கள் சிலர், குரு என்ற அதிகாரத்தைப் பயன்படுத்தித் தங்களோடு பாலுறவு கொண்டதாக அவர்மேல் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார்கள். அவர் மறுத்தார். வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. 2002இல் சென்னையில் காலமானார். அலிஸ் அதற்கு வெகுகாலத்துக்கு முன்பே அவருடைய வட்டத்திலிருந்து விலகி, சத்திய சாயி பாபாவின் பக்தையாகி, தன் சொந்த வழியில் போய்க்கொண்டிருந்தார். யாருடைய பெயரை உலகுக்குக் கொண்டுபோனாரோ அவருக்குக் கீழே கடைசிவரை இருக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை.

எழுபதுகளில் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார். துரியசங்கீதானந்தா என்று பெயர் பூண்டார். 1983இல் லொஸ் ஏஞ்சல்ஸுக்கு வெளியே அகூரா குன்றுகளில் ஆச்சிரமம் அமைத்தார். பொது மேடையை ஏறக்குறைய விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர்கன் வாசித்துப் பஜனை நடத்தினார். சொற்கள் சமஸ்கிருதம், பாடும் விதம் டிட்ரொயிட் தேவாலயம். கேட்டுப் பாருங்கள், கறுப்பின மக்கள் கைதட்டி ராம நாமம் பாடும் அந்த ஓசையில் பாசாங்கு கிடையாது. 1982இல் 'துரியா சிங்ஸ்' தொடங்கி நான்கு தொகுப்புகள், கசெற்றாக மட்டும், ஆச்சிரமத்துக்காரருக்காக வெளியிட்டார். அவற்றையும் சேகரிப்பாளர்கள் பல ஆண்டுகள் தேடி அலைந்தார்கள். 2017இல் லுவாக்கா பொப் நிறுவனம் ஒரு தொகுப்பு போட்ட பிறகுதான் வெளியுலகம் கேட்டது. இதற்கிடையில் 1982இல் மூத்த மகன் ஜோன் கார் விபத்தில் இறந்துபோனார். கணவனைக் கொடுத்த தாய் பிள்ளையையும் கொடுத்தார்.

2004இல் இன்னொரு மகன் ரவியின் வற்புறுத்தலில் கடைசித் தட்டு. 2007 ஜனவரி 12இல் தன் 69ஆவது வயதில் இறந்தார். அந்த மாதம் சம்பூரிலிருந்தும் மூதூர் கிழக்கிலிருந்தும் இடம்பெயர்ந்த எங்கள் சனம் அகதிகளாக அலைந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் ஓர் இசைக்கலைஞர் இறந்த செய்தி இங்கே யாருக்கும் எட்டியிருக்காது.

ஆச்சிரமக் காணி 2017இல் விற்கப்பட்டது. 2018 நவம்பரில் வூல்சி காட்டுத்தீ அந்தக் கட்டடத்தைச் சாம்பலாக்கியது. டிக்ஸ் ஹில்ஸ் வீட்டையும் இடிக்கப் பார்த்தார்கள், ஊர் மக்களும் ரசிகர்களும் சேர்ந்து தடுத்தார்கள், இப்போது அதை நினைவில்லமாக்கும் வேலை நடக்கிறது. அலிஸ் அங்கிருந்து அதிக தூரமில்லாத பைன்லோன் மயானத்தில், ஜோனுக்குப் பக்கத்தில் புதைக்கப்பட்டிருக்கிறார்.